கூப்பன் அரிசி முதல் அஸ்வெசும வரை



விலைவாசி ஏறும்போதெல்லாம் "அரசாங்கம் எமக்கு என்ன தருகிறது?" என்று வினவுகின்றோம். வினவுவது தவறன்று. ஆயினும், இந்நாட்டில் இவ்வினாவுக்கு எண்பது ஆண்டு கடந்த வரலாறு உண்டு. அதை அறிந்தவர் மேலும் இரண்டு வினாக்களையும் எழுப்புவார். தரப்படுவது எதனைக் கொண்டு அளக்கப்படுகிறது? யாருடைய பெயர் பதிவேட்டில் இருக்கிறது?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 மார்ச்சில் ரங்கூன் நகரம் ஜப்பானியர் வசமானது. இலங்கையர் உண்ட அரிசியின் பெரும் பகுதி அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்தே வந்தது. அதிலும் பர்மா முதன்மையானது. அவ்வழி அடைபட்டதும் அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. எமது பாட்டன் பாட்டிமார் "கூப்பன் அரிசி" என்று சொல்வது இதனைத்தான். போர் முடிந்தது; ஆனால் கூப்பன் முடியவில்லை. அது ஏழையின் அடுப்புக்கு உத்தரவாதமாக நிலைத்துவிட்டது.

கொரியப் போர்க்காலத்தில் உயர்ந்திருந்த இறப்பர் விலை பின்னர் வீழ்ந்தது. உலகச் சந்தையில் அரிசியின் விலையோ ஏறியது. மானியச் சுமையைத் திறைசேரியால் தாங்க இயலவில்லை என்று கூறி, 1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. உயிர்கள் பறிபோயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். ஒரு கொத்து அரிசி ஒரு பிரதமரின் ஆசனத்தையே அசைத்துவிட்டது.

அதன்பின் வந்த ஆட்சியாளர் எவரும் அரிசியை அச்சமின்றித் தொடவில்லை. 1962இல் பங்கீட்டைக் குறைக்க முனைந்த நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க பதவி விலக நேர்ந்தது. 1966இல் இரண்டு கொத்து ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டது. அந்த ஒரு கொத்து இலவசமாக்கப்பட்டது. 1970 தேர்தலில் இரண்டாவது கொத்தை மீண்டும் தருவோம் என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்ற உதவியது.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கூப்பன் தந்தது பணத்தையன்று, அரிசியை. சந்தையில் விலை இரு மடங்கானாலும் ஒரு கொத்து ஒரு கொத்தாகவே இருந்தது. விலையேற்றத்தின் சுமை அரசின் தோளில் இருந்தது. ஏழையின் தோளில் இருக்கவில்லை.

1978இல் நிலைமை மாறியது. மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கே பங்கீடு என வரையறுக்கப்பட்டது. 1979இல் கூப்பனின் இடத்துக்கு உணவு முத்திரை வந்தது. முத்திரையில் எழுதப்பட்டிருந்தது கொத்து அன்று, ரூபா. விலைகள் ஏறின, முத்திரையில் இருந்த எண் ஏறவில்லை. சில ஆண்டுகளுக்குள் அதன் வாங்கும் சக்தி ஏறத்தாழப் பாதியாகியது. 1980இல் புதிய பெயர்களைச் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. அதன்பின் பிறந்த குழந்தைக்கும், அதன்பின் வறுமையில் வீழ்ந்த குடும்பத்துக்கும் பட்டியலில் இடமில்லை.

இவ்விடத்தில் கலீபா உமர் (ரழி) அவர்களின் ஆட்சி நினைவுக்கு வருகிறது. அரசுக் கருவூலத்திலிருந்து மக்களுக்கு உதவித்தொகை வழங்கப் பதிவேடு அமைத்தவர் அவர்கள். உணவுப் பங்கை எவ்வாறு தீர்மானித்தார்கள்? ஒரு ஜரீப் தானியத்தை மாவாக்கி, ரொட்டி சுட்டு, முப்பது பேரை அழைத்துப் பகலுணவு உண்ணச் செய்தார்கள். இரவுணவுக்கும் அவ்வாறே செய்து பார்த்தார்கள். பின்னரே ஒருவருக்கு மாதம் இரண்டு ஜரீப் என நிர்ணயித்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். அளவுகோல் நாணயமன்று, வயிறு.

தொடக்கத்தில் பால்குடி மறந்த குழந்தைக்கே உதவித்தொகை இருந்தது. ஓர் இரவு மதீனாவில் ஒரு குழந்தை ஓயாது அழுவதைக் கேட்டு அவர்கள் விசாரித்தார்கள். உதவித்தொகைக்காகத் தாய் அவசரமாகப் பால்குடி மறக்கச் செய்கிறாள் என்பது தெரியவந்தது. உடனே, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என அறிவிக்கச் செய்தார்கள். ஒரு விதி மக்களை எவ்வாறு நடக்கத் தூண்டுகிறது என்பதைக் கண்டு, அவ்விதியையே திருத்தினார்கள்.

எமது நாட்டுக்குத் திரும்புவோம். 1989இல் ஜனசவிய வந்தது. மாதம் 2,500 ரூபாவில் 1,458 ரூபா நுகர்வுக்கும், 1,042 ரூபா சேமிப்புக்கும் ஒதுக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் குடும்பம் சொந்தக்காலில் நிற்க வேண்டும் என்பது நோக்கம். 1995இல் சமுர்த்தி தொடங்கியது. தகுதியற்ற பெயர்கள் உள்ளே, தகுதியானோர் வெளியே என்ற முறைப்பாடு அதனை நெடுங்காலம் தொடர்ந்தது.

பின்னர் 2022இன் நெருக்கடி. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா தேவைப்பட்டது. 2023இல் அஸ்வெசும ஆரம்பமானபோது, 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் நான்கு பிரிவாக்கப்பட்டன. மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என வங்கிக் கணக்குக்கே கொடுப்பனவு சென்றது. 2025இல் மேல் இரண்டு பிரிவுகளின் தொகை 10,000, 17,500 என உயர்த்தப்பட்டது. முதற் பட்டியல் வெளியானபோது இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன என்பதையும் மறக்கலாகாது.

ஆக, வரலாறு மீண்டும் மீண்டும் அதே இரு வினாக்களிடமே எம்மைக் கொண்டு வந்து சேர்க்கிறது. தொகை விலைவாசியோடு உயருமா? பதிவேடு நீதியானதா?

முதலாவதற்கு ஆட்சியாளரே பொறுப்பு. இரண்டாவதில் எமக்கும் பங்குண்டு. வசதியிருந்தும் வருமானத்தை மறைத்து விண்ணப்பிப்பவர், அரசை மட்டும் ஏமாற்றவில்லை. வரிசையில் நிற்கும் விதவையின் இடத்தையே பறிக்கிறார். பெற்றோர்களே, படிவத்தில் உண்மையை எழுதுங்கள். உங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இளைஞர்களே, எழுதப் படிக்கத் தெரியாத முதியவருக்குப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். மேன்முறையீட்டின் இறுதித் திகதியை அயலவருக்கு அறிவியுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் அவர்களுடன் செல்லுங்கள். பட்டியலில் விடுபட்ட ஒரு பெயர், பசித்திருக்கும் ஒரு வீடு என்பதை மனதில் இருத்துவோமாக!