நல்ல கடிகாரம் எது?



விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டு எழுந்து, பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, இருட்டோடு நிரைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் நம் முன்னோர். தப்படித்தவர் மண்டோர் சொன்ன நேரத்தில் அடித்தார். மண்டோர் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். அந்தக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தவர் யார்? கடிகாரத்தைச் சோதிக்க இன்னொரு கடிகாரம் வேண்டும். அதைச் சோதிக்க மற்றொன்று வேண்டும். இதற்கு முடிவுதான் எங்கே? மனிதன் இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. உங்களிடம் இரண்டு கடிகாரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கடிகாரம் திங்கட்கிழமை 3 விநாடி வேகம். செவ்வாய் 5, புதன் 7, வியாழன் 9 விநாடி வேகம். இரண்டாவது கடிகாரம் திங்கள் மிகச் சரி. செவ்வாய் 4 விநாடி வேகம், புதன் 1 விநாடி தாமதம், வியாழன் 3 விநாடி வேகம். எது நல்ல கடிகாரம்?

இரண்டாவதுதான் என்று பலரும் சொல்வோம், ஏனெனில் அது சரியான நேரத்தை ஒட்டியே நிற்கிறது. ஆனால் வானநூலார் முதல் கடிகாரத்தையே எடுப்பார்கள். அது நாளுக்கு 2 விநாடி முந்துகிறது. தவறாமல் அதே 2 விநாடி. அடுத்த மாதம் இதே தேதியில் அது என்ன காட்டும் என்று இன்றே சொல்லிவிடலாம். கழித்தால் உண்மை நேரம் கிடைத்துவிடும். இரண்டாவது கடிகாரம் நாளைக்கு என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. நிறுவைக் கொட்டகைத் தராசும் இப்படித்தான். எப்போதும் அரைக் கிலோ குறைத்துக் காட்டும் தராசைக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். நாளுக்கொரு விதமாகக் காட்டும் தராசை என்ன செய்வது?

ஆகவே, ஒரு கடிகாரம் எவ்வளவு தவறாக இருக்கிறது என்பது வேறு, அத்தவறு நாள்தோறும் ஒரே அளவில் இருக்கிறதா என்பது வேறு. இரண்டாவதைத்தான் நிலைப்பு என்கிறோம். இதை ஒரு நாளில் கண்டறிய முடியாது. பல நாள், பல மாதம் பார்த்துக் குறித்து வைத்தால்தான் தெரியும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. உயிர்ப் பிரச்சினையாகவே இருந்தது. நடுக்கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது என்பதை அறிய, புறப்பட்ட துறையின் நேரம் தெரிய வேண்டும். பூமி 4 நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. நிலநடுக்கோட்டருகே 4 விநாடிப் பிழை ஒரு கடல் மைல் பிழையாகிவிடும். நாளுக்கு 4 விநாடி ஓட்டம் மாறிய கடிகாரத்தை நம்பி ஆறு வாரம் பயணம் செய்தால், கப்பல் 42 கடல் மைல் தள்ளி நிற்கும். இருட்டில் பாறையில் மோத அது போதும்.

1714 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்கு வழி காண்போருக்கு 20,000 பவுன் வரை பரிசு அறிவித்தது. ஜான் ஹாரிசன் என்ற தச்சர் மகன் கடற்கடிகாரம் செய்தார். 1761 இல் அது ஜமைக்காவுக்குப் புறப்பட்டது. 81 நாளில் 5 விநாடிதான் பிழை என்றார்கள். ஆனால் பரிசுக் குழுவினர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள்: 'நாள்தோறும் எத்தனை விநாடி கழிக்க வேண்டும் என்பதைப் பயணத்துக்கு முன்பே சொன்னீர்களா?' முன்பே சொல்லவில்லை. எனவே 1764 இல் பார்படோஸ் தீவுக்கு மீண்டும் ஒரு பயணம். இம்முறை ஓட்ட அளவு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. கடிகாரம் தேர்ச்சி பெற்றது. நடந்த பிறகு கணக்கை ஒப்பேற்றிவிடலாம். முன்னதாகச் சொன்னதைக் காப்பாற்றுவதே சோதனை. இன்றைய ஆய்வுக்கூடங்களும் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றன.

இனி நம் தாய்த் தமிழகத்துக்கு வருவோம். 1786 இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி சென்னை எழும்பூரில் சொந்தமாக ஒரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். 1792 இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை நுங்கம்பாக்கத்தில் தன் ஆய்வுக்கூடமாக எழுப்பியது. அங்கே தொலைநோக்கியைத் தாங்க நிறுத்தப்பட்ட ஏறத்தாழ 18 அடி உயரக் கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. இன்றும் அத்தூண் நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. ஜான் ஷெல்டன் என்ற லண்டன் கைவினைஞர் செய்த ஊசல் கடிகாரமும் அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அது பின்னர் கொடைக்கானலுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே பாதுகாக்கப்பட்டு வருகிறது.

லண்டனில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் சென்னையில் சரியாக ஓடாது. இது பலருக்கு வியப்பாக இருக்கும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் புவியீர்ப்பு சற்றுக் குறைகிறது. ஊசல் மெதுவாக ஆடுகிறது. லண்டன் கடிகாரத்தை அப்படியே சென்னையில் மாட்டினால், நாளுக்கு ஏறத்தாழ 2 நிமிடம் பின்தங்கும். ஊசலைச் சிறிது குறுக்கி இதைச் சரிசெய்யலாம். அடுத்தது வெயில். எஃகுக் கம்பியாலான ஊசல் ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் ஏறினால் நீண்டு, நாளுக்கு அரை விநாடி தாமதமாகும். இதற்காகப் பித்தளைக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் மாற்றி மாற்றிக் கோத்து, ஒன்றின் நீட்சியை மற்றொன்று ஈடுசெய்யும்படி ஊசல் அமைத்தார்கள். பிறகு, எண்ணெய் கெட்டியாதல், தூசு படிதல். இவை மெல்ல மெல்ல வரும் நோய்கள். ஒரு வாரத்தில் தெரியாது, ஓராண்டில் தெரியும்.

இவற்றை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வானத்து விண்மீன்களைக் கொண்டுதான். ஒரு குறிப்பிட்ட விண்மீன் நாள்தோறும் 23 மணி 56 நிமிடம் 4 விநாடிக்கு ஒருமுறை உச்சிக் கோட்டைக் கடக்கும். தொலைநோக்கியில் மெல்லிய இழைகள் கட்டியிருக்கும். விண்மீன் இழையைத் தாண்டும் கணத்தைக் கண் பார்க்க, கடிகாரத்தின் 'டிக், டிக்' ஒலியைக் காது எண்ண, கை ஏட்டில் எழுதும். இரவுதோறும் இதே வேலை. மழைக்காலத்தில் பல இரவு வானம் தெரியாது. அப்போது முந்தைய குறிப்புகளே துணை.

இவ்வேலையில் நம்மவர் பெயரும் உண்டு. சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் அங்கே தலைமை உதவியாளராக உயர்ந்தார். 1867 இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874 இல் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடக்கவிருந்ததைப் பற்றிப் பொதுமக்களுக்காகச் சிறு நூல் எழுதினார். 1880 இல் மறைந்தார். அவருக்கு முன்னும் பின்னும் பெயர் தெரியாத உதவியாளர்கள் பலர் இரவுகளை ஏட்டில் எழுதி வைத்தார்கள்.

1802 இல் ஜான் கோல்டிங்காம் சென்னை நேரத்தை வகுத்தார். அது கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னே இருப்பதாகக் கணக்கிட்டார். பின்னாளில் ஆய்வுக்கூடக் கடிகாரத்தோடு தந்திக் கம்பியால் இணைத்து, இரவு 8 மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடித்தார்கள். இந்திய ரயில்களும் சென்னை நேரப்படி ஓடின. 1906 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியத் தர நேரம் வந்தபோதுதான் சென்னை நேரத்தின் ஆட்சி முடிந்தது.

இங்கே மலாயாவிலும் நேரம் பலமுறை மாறியிருக்கிறது. 1905 இல் கிரீன்விச்சுக்கு 7 மணி முன்னே என்று வைத்தார்கள். 1933 இல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941 இல் இன்னும் 10 நிமிடம். ஜப்பானியர் காலத்தில் தோக்கியோ நேரம், அதாவது 9 மணி. 1945 இல் மீண்டும் ஏழரை. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குத் தீபகற்ப மலேசியாவில் கடிகாரங்களை 12 மணிக்குத் தள்ளிவைத்தார்கள். அன்றிலிருந்து 8 மணி. அதனால்தான் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பகல் ஒன்றே காலைக் காட்டுகிறது. மரத்துக்கு இந்தக் கணக்கு தெரியாது. குளிர்ந்த விடியலில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறையும்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. முள்ளை எங்கே வைப்பது என்பதை அரசாங்க ஆணை முடிவு செய்யலாம். ஆனால் எந்த ஆணையாலும் ஓட்டத்தை ஒழுங்காக்க முடியாது. அதற்குச் சோதனையும் குறிப்பேடும்தான் வழி.

ஊசலுக்குப் பின் வந்தது குவார்ட்ஸ் என்னும் படிகக் கல். மின்சாரம் பாய்ச்சினால் அது ஒரே சீராக அதிரும். 1927 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முதல் குவார்ட்ஸ் கடிகாரம் ஓடியது. 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் கையில் உள்ள கடிகாரக் கல் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. இதுவே அதன் அதிர்வெண். இதைப் பாதிபாதியாக 15 தடவை வகுத்தால் ஒன்று வரும். அதுவே ஒரு விநாடித் துடிப்பு.

சுங்கை வே வட்டாரத்தாருக்கு இது அயலான செய்தியன்று. 1970களின் தொடக்கத்தில் அங்கே தடையற்ற வாணிப வட்டாரம் ஏற்பட்டது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து நம் பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள். உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, தலைமயிரினும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் ஒட்டினார்கள். அத்தகைய சில்லுகள் பல வேலை செய்ய ஒரு தாளம் வேண்டும். அத்தாளத்தைப் பெரும்பாலும் தருவது குவார்ட்ஸ் கல்தான்.

கல்லுக்கும் முதுமை உண்டு. அதன்மேல் படியும் நுண்ணிய அழுக்கு, பிடித்திருக்கும் தாங்கியின் இறுக்கம் தளர்தல், வெப்பம் ஆகியவற்றால் அதிர்வெண் மெல்ல நகர்கிறது. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே, ஆண்டுக்கு 31 விநாடி பிழை சேரும். பத்தாண்டு காத்திருந்து சோதிக்கத் தொழிற்சாலையால் முடியுமா? ஆகவே, கற்களை 85 பாகை போன்ற சூட்டில் வாரக்கணக்கில் வைத்து, நாள்தோறும் அளந்து, அந்த வரிசையைக் கொண்டு வருங்கால நகர்வைக் கணிக்கிறார்கள்.

அளந்த எண்களை எப்படிப் படிப்பது? 1966 இல் டேவிட் ஆலன் என்ற அமெரிக்கர் ஒரு முறை வகுத்தார். ரப்பர் மரத்தை வைத்தே அதை விளக்கலாம். இன்றைய பாலையும் நாளைய பாலையும் ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இருக்கும்; மழை, காற்று, வெட்டின் ஆழம் எல்லாம் காரணம். இந்த மாதச் சராசரியை அடுத்த மாதச் சராசரியோடு ஒப்பிட்டால் அந்த ஏற்ற இறக்கம் அமுங்கிவிடும். பல ஆண்டுகளை ஒப்பிடும்போது, மரம் முதிர்வது தெரியவரும். கடிகாரத்தையும் இப்படியே விநாடிக் கணக்கில், நாள் கணக்கில், மாதக் கணக்கில் பக்கத்துப் பக்கத்துச் சராசரிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எந்தக் கால அளவு வரை அதை நம்பலாம் என்பது அப்போது புலப்படும்.

சோதிப்பவரையும் சோதிக்க வேண்டும் அல்லவா? மூன்று கடிகாரங்களை எடுத்துக்கொண்டு ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டால், இரண்டு ஒத்துப்போய் ஒன்று விலகும்போது குற்றவாளி எது என்று தெரியும். 1930களில் பெர்லினில் நல்ல குவார்ட்ஸ் கடிகாரங்கள் பலவற்றை இவ்வாறு ஒப்பிட்டபோது ஓர் அதிசயம் தெரிந்தது. கடிகாரங்கள் தமக்குள் ஒத்துப்போயின, விலகியது பூமி! ஆண்டின் பருவத்துக்கேற்பப் பூமியின் சுழற்சியே சிறிது மாறுகிறது. நுங்கம்பாக்கத்தில் நீதிபதியாக இருந்த வானமே, இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏறியது.

1955 இல் இங்கிலாந்தில் எசனும் பாரியும் சீசியம் அணுக் கடிகாரத்தை இயக்கினார்கள். 1967 இல் உலகம் விநாடிக்குப் புது இலக்கணம் வகுத்தது. சீசியம் அணுவிலிருந்து வரும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு 9,192,631,770 தடவை அதிர்வதே ஒரு விநாடி. சிப்பாங்கில் உள்ள நம் தேசிய அளவியல் கழகமும் சீசியம் கடிகாரங்களைக் கொண்டே மலேசிய நேரத்தைக் காக்கிறது.

அந்தக் கடிகாரமும் தானே சரி என்று சொல்லிக்கொள்வதில்லை. உலகின் பல நாடுகளில் உள்ள நூற்றுக்கணக்கான அணுக் கடிகாரங்களின் அளவுகள் பாரிஸ் அருகே உள்ள அனைத்துலக அலுவலகத்துக்குப் போகின்றன. அங்கே எல்லாவற்றையும் ஒப்பிட்டு, நெடுங்காலம் நிலையாக ஓடியவற்றுக்கு அதிக மதிப்புக் கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். உங்கள் கடிகாரம் சென்ற மாதம் இத்தனை விலகியிருந்தது என்ற அறிக்கை மாதந்தோறும் வருகிறது. உலகின் மிகச் சரியான நேரம் அது கடந்துபோன பிறகுதான் தெரியும் என்றால் நம்புவீர்களா? ஆனால் உண்மை அதுதான்.

மாணவர்களே, நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். வானொலிச் செய்திக்கு முன் ஒலிக்கும் மணிக்குறியை வைத்து, வீட்டுக் கடிகாரம் எத்தனை விநாடி முன்னே பின்னே என்று நாள்தோறும் ஒரே வேளையில் குறியுங்கள். முள்ளைத் திருத்தாதீர்கள். முதல் பத்து நாள் குறிப்பைக் கொண்டு, முப்பதாம் நாள் என்ன காட்டும் என்று முன்னதாகவே எழுதி வையுங்கள். முப்பதாம் நாள் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெற்றோர்களே, நம் கூலியும் ஓவர்டைமும் கடிகாரத்தாலும் தராசாலும்தான் கணக்கிடப்படுகின்றன. 'இன்று தவறாக இருக்கிறது' என்று வாயால் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். முப்பது நாள், தேதி போட்டு எழுதிய குறிப்பேட்டைக் காட்டினால் எவரும் பதில் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் பிள்ளை எழுதப் போகும் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.