எண்ணெய், எரிவாயுப் படுகைகளின் உமிழ்வுக் கணக்கேடு

எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கப்படும் ஒரு நிலப்பகுதியில், எந்தக் கருவியிலிருந்து எந்த மாசு ஆண்டுக்கு எத்தனை டன் காற்றில் கலக்கிறது என்று வகைபிரித்துத் தொகுக்கும் ஆவணம் வட்டார உமிழ்வுக் கணக்கேடு எனப்படுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள், எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், கார்பன் மோனாக்சைடு, கந்தக டைஆக்சைடு, நுண்துகள்கள் ஆகியவை இதில் வழக்கமாக இடம்பெறும். மீத்தேன் பின்னாளில் முக்கியத்துவம் பெற்றது. காற்றின் தரத்தைக் கணினியில் கணிக்கும் மாதிரிகளுக்கு இந்த எண்களே அடிப்படை. புதிய கிணறுகளுக்கு இடம் கொடுக்கலாமா, எந்த மாசை முதலில் குறைக்க வேண்டும் என்பன போன்ற முடிவுகளும் இவற்றை வைத்தே எடுக்கப்படுகின்றன. அமெரிக்காவின் மேற்கே, ராக்கி மலைத்தொடரை ஒட்டிய படுகைகளில் இந்தப் பணி மிக விரிவாக நடந்துள்ளது.

அனல் மின்நிலையத்துக்குப் பெரிய புகைபோக்கி உண்டு. அதில் அளவுக்கருவியைப் பொருத்திவிடலாம். எண்ணெய் வயலில் அப்படி ஓரிடம் இல்லை. கிணற்றடியில் ஒரு சூடேற்றி, ஒரு பிரிப்பான், இரண்டு மூன்று தொட்டிகள், சில வால்வுகள் என்று இருக்கும். சற்றுத் தள்ளி ஒரு கம்ப்ரசர் இயந்திரம். தனித்தனியே பார்த்தால் இவற்றில் பல, அனுமதி பெறவேண்டிய வரம்புக்குக் கீழே அடங்கிவிடும். ஒரு படுகையில் ஆயிரக்கணக்கான கிணறுகள் இருக்கும்போது அவற்றின் கூட்டுத்தொகை ஒரு பெரும் தொழிற்சாலையையே மிஞ்சக்கூடும். ஒவ்வொன்றையும் அளக்க வழியில்லாததால் கருவிகளின் எண்ணிக்கையை ஓர் உமிழ்வுக் காரணியால் பெருக்குகிறார்கள். ஆகவே கணக்கேட்டின் பெரும்பகுதி மதிப்பீடுதான். அதன் வரலாற்றைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

உமிழ்வுக் காரணிகளின் தொகுப்பு 1968இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையால் முதலில் வெளியிடப்பட்டது. 1970இல் உருவான சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்பணியை ஏற்று 1972இல் மறுபதிப்பைக் கொண்டுவந்தது. 1995இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. பொறியாளர்களிடையே ஏபி-42 என்று வழங்கும் இத்தொகுப்பு இன்றும் புழக்கத்தில் உள்ளது. எரிவாயுத் துறையின் மீத்தேன் கசிவை நாடு முழுவதற்குமாகக் கணக்கிடும் முதல் பெரிய முயற்சியை எரிவாயு ஆய்வு நிறுவனமும் முகமையும் சேர்ந்து மேற்கொண்டு 1996இல் வெளியிட்டன. 1992ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட அந்த ஆய்வு, எடுக்கப்பட்ட வாயுவில் சுமார் 1.4 விழுக்காடு காற்றில் கலந்ததாகக் கண்டது. அந்தக் காரணிகளே அடுத்த பல ஆண்டுகள் தேசியக் கணக்குகளில் தொடர்ந்தன. கிணறு தோண்டும் முறையே மாறிப்போன பிறகும் அவை கைவிடப்படவில்லை.

மேற்கு மாநிலங்களில் இத்துறைக்குத் தொடக்கம் எண்ணெய் வயல்களிலிருந்து வரவில்லை. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல் படர்ந்த மங்கலே காரணம். 1990ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத் திருத்தங்களை அடுத்து, 1991இல் அப்பகுதியின் பார்வைத் தெளிவை ஆராய ஓர் ஆணையம் அமைந்தது. அது 1996இல் அறிக்கை தந்தது. ஆணையத்தின் பணியைத் தொடர 1997இல் மாநிலங்களும் பூர்வகுடி அரசுகளும் இணைந்து மேற்கு வட்டாரக் காற்றுக் கூட்டமைப்பைத் தோற்றுவித்தன. 1999இல் வந்த வட்டார மங்கல் விதி, நாட்டின் 156 தேசியப் பூங்காக்களிலும் வனப்பகுதிகளிலும் காற்றைத் தெளிவாக்க ஒவ்வொரு மாநிலமும் திட்டம் தரவேண்டும் என்றது. திட்டம் போட உமிழ்வுக் கணக்கு வேண்டும். கணக்கைத் தொகுக்கத் தொடங்கியபோதுதான் எரிவாயுக் கம்ப்ரசர் இயந்திரங்களும் துளையிடும் ரிக்குகளும் பல மாநிலங்களின் ஏடுகளில் முழுமையாக இல்லை என்பது தெரியவந்தது. அனுமதி பெற்ற பெரிய கம்ப்ரசர் நிலையங்களும் வாயு சுத்திகரிப்பு ஆலைகளும் மட்டுமே அவற்றில் இருந்தன.

கூட்டமைப்பு இந்த இடைவெளியை மூன்று கட்டங்களில் நிரப்பியது. 2002ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட முதற்கட்டம் பெரும்பாலும் நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பற்றியது. இரண்டாம் கட்டம் அந்த எண்களைச் செம்மைப்படுத்தியது. 2006ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட மூன்றாம் கட்டமே இத்துறையின் முன்மாதிரியாக நிலைத்தது. டென்வரைத் தலைமையிடமாகக் கொண்ட மலை மாநில எண்ணெய் உற்பத்தியாளர் சங்கம் இதற்கு ஆதரவளித்தது. என்விரான் என்ற ஆலோசனை நிறுவனம் கணக்கிட்டது. மாநில அலுவலர்கள் சரிபார்த்தனர். கொலராடோவின் டென்வர்–ஜூல்ஸ்பர்க், பீயான்ஸ், யூட்டாவின் யூயின்டா, நியூ மெக்சிகோ எல்லையில் சான் ஹுவான், வயோமிங்கின் பவுடர் ரிவர், கிரேட்டர் கிரீன் ரிவர், விண்ட் ரிவர் என்று படுகைக்கு ஒன்றாகக் கணக்கேடுகள் வந்தன. கணக்குக் கேட்கப்பட்ட தொழிலே அதற்குத் துணை நின்றது என்பதால் எண்களைச் சந்தேகிப்போர் இருந்தனர். அதேவேளை அந்த ஒத்துழைப்பு இல்லாமல் கிணற்றடி விவரங்கள் கிடைத்திருக்காது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே இவ்வேட்டை மதிப்பிட வேண்டும்.

கணக்கிடும் முறை இப்படி அமைந்தது. கிணறுகளின் எண்ணிக்கை, உற்பத்தி, புதிதாகத் துளையிடப்பட்டவை ஆகிய விவரங்கள் வணிகத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்பட்டன. பெரிய நிறுவனங்களுக்குப் படிவங்கள் அனுப்பி, ஒரு கிணற்றுக்கு எத்தனை கருவிகள், அவை என்ன வகை, எத்தனை மணி நேரம் ஓடுகின்றன என்று கேட்டார்கள். பதில் தராதவர்களின் பங்கை, பதில் தந்தவர்களின் உற்பத்தியையோ கிணற்று எண்ணிக்கையையோ வைத்துப் பெருக்கிக்கொண்டார்கள். எதை வைத்துப் பெருக்குவது என்பதில்தான் திறமை இருக்கிறது. ரிக் இயந்திரங்களின் புகை புதிய கிணறுகளின் எண்ணிக்கையைப் பின்பற்றும். தொட்டியின் ஆவி, வாயுவோடு கிடைக்கும் கண்டன்சேட் என்ற இலகு திரவத்தின் அளவைப் பின்பற்றும். வால்வுகளின் கசிவு, கிணறு எவ்வளவு உற்பத்தி செய்தாலும் செய்யாவிட்டாலும் ஏறக்குறைய மாறாது. தவறான ஒன்றால் பெருக்கினால் முழுப் படுகையின் எண்ணே சாய்ந்துவிடும்.

நியூமேட்டிக் கன்ட்ரோலர் என்ற சிறு கருவியை எடுத்துக்கொள்ளலாம். மின்சாரம் இல்லாத கிணற்றடியில் வால்வைத் திறந்து மூட அது கிணற்று வாயுவின் அழுத்தத்தையே பயன்படுத்துகிறது. ஒவ்வொரு முறையும் சிறிது வாயுவை வெளியே விடுகிறது. விட்டுவிட்டு இயங்கும் வகைக்கு மேற்கு மாநிலங்களில் பயன்பட்ட காரணி மணிக்கு 13.5 கன அடி. ஆண்டின் 8,760 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரே கருவிக்கு 1,18,260 கன அடி ஆகிறது. அதில் கரிமச் சேர்மங்களின் பங்கு எவ்வளவு என்பது அந்தப் படுகையின் வாயுவைப் பொறுத்தது. நிலக்கரிப் படுகையிலிருந்து வரும் வாயு கிட்டத்தட்ட மீத்தேன் மட்டுமே. கண்டன்சேட் கலந்த வாயுவில் புரோபேன், பியூட்டேன், பென்சீன் எல்லாம் இருக்கும். படுகை வாரியாகக் கணக்கிட்டதன் பயன் இங்குதான் தெரிகிறது.

தொட்டி இன்னும் சிக்கலானது. பிரிப்பானில் அழுத்தத்தில் இருந்த திரவம் சாதாரண அழுத்தமுள்ள தொட்டிக்குள் விழும்போது அதில் கரைந்திருந்த வாயு சட்டென்று பொங்கி வெளியேறும். அதைக் குழாயில் கொண்டுபோய் எரித்துவிடும் எரிப்பான், சேர்ந்த ஆவியில் 95 விழுக்காட்டை அழிப்பதாகக் கணக்கில் கொள்வது வழக்கம். தொட்டியின் மேல்மூடி சரியாக மூடாமல் இருந்தாலோ, குழாய் சிறியதாக இருந்து அழுத்தம் தாங்காமல் மூடி தானே திறந்தாலோ அந்த ஆவி எரிப்பானையே எட்டாது. கணக்கேடோ அது எரிந்துவிட்டது என்று சொல்லும். பின்னர் வந்த அளவீடுகளில் மிகப் பெரிய குற்றவாளியாக வெளிப்பட்டது இந்த மூடிதான்.

பூர்வகுடி நிலங்களில் வேறொரு குறை இருந்தது. யூயின்டா–யூரே, தெற்கு யூட், ஹிக்கரியா அப்பாச்சி, விண்ட் ரிவர் ஒதுக்கீட்டு நிலங்களில் மாநில அனுமதி செல்லாது. சிறு மூலங்களுக்கான கூட்டாட்சி அனுமதி விதி 2011இல்தான் வந்தது. அதுவரை பல கிணறுகளைப் பற்றி அரசிடம் ஏடே இல்லை. படிவம் நிரப்பிய நிறுவனங்களின் சொல்லே ஆதாரம்.

கணக்கேட்டின் உண்மையான சோதனை வயோமிங்கில் நடந்தது. ஜோனா, பைன்டேல் எரிவாயு வயல்களுக்கு அருகே, மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த மேல் கிரீன் ரிவர் பள்ளத்தாக்கில் 2005 குளிர்காலத்தில் அதிக ஓசோன் பதிவானது. ஓசோன் கோடைக்கால நகரத்துச் சிக்கல் என்றே அதுவரை எண்ணப்பட்டது. 2008 பிப்ரவரியில் வெப்பநிலை சுழியத்துக்கு வெகு கீழே இருக்கும்போதே நண்பகலுக்குப் பின் ஓசோன் 140 பிபிபியை (நூறு கோடியில் 140 பங்கு) தாண்டியது. வெண்பனி சூரிய ஒளியை மேல்நோக்கித் திருப்பி வேதிவினையை இரட்டிப்பாக்குகிறது. குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் மூடிபோல் தங்கி மாசைச் சிறைப்பிடிக்கிறது. 2012இல் அப்பகுதி தரம் எட்டாத வட்டாரம் என்று அறிவிக்கப்பட்டது. யூயின்டா படுகையிலும் 2010 முதல் இதே நிலை தெரியவந்து, 2018இல் அதே அறிவிப்பு வந்தது.

கணினி மாதிரிகள் இந்த ஓசோனைக் காட்ட மறுத்தன. யூயின்டாவில் 2011 தேசியக் கணக்கேட்டை இட்டபோது ஓசோன் உயரவேயில்லை. வானில் அளந்த செறிவுகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்த்தபோது, கணக்கேடு மீத்தேனை 4.8 மடங்கும் கரிமச் சேர்மங்களை 1.8 மடங்கும் குறைத்துக் காட்டியிருந்தது. நைட்ரஜன் ஆக்சைடுகளை நான்கு மடங்கு கூட்டியிருந்தது. 2015இல் வெளியான இந்த முடிவு கொள்கையளவில் மிகக் கனமானது. எந்த மாசைக் குறைத்தால் ஓசோன் குறையும் என்பது கரிமச் சேர்மங்களுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. விகிதம் தவறானால் பணமும் உழைப்பும் தவறான கருவிக்குப் போகும். பள்ளத்தாக்கில் வாழ்வோர் அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டே இருப்பார்கள்.

கோபுர அளவீடுகளும் விமானப் பறப்புகளும் மற்ற படுகைகளிலும் இதே இடைவெளியைக் காட்டின. டென்வர்–ஜூல்ஸ்பர்க்கில் 2008இல் எடுத்த அளவீடுகள், எடுத்த வாயுவில் சுமார் 4 விழுக்காடு கசிவதாகச் சுட்டின. 2012 மே மாதப் பறப்புகளில் பென்சீன் மாநிலக் கணக்கைவிட ஏழு மடங்கும் கரிமச் சேர்மங்கள் சுமார் இரண்டு மடங்கும் இருந்தன. 2012 பிப்ரவரியில் யூயின்டாவின் மேல் ஒரு நாள் நடந்த அளவீடு 6.2 முதல் 11.7 விழுக்காடு வரை கசிவைக் கண்டது. ஒரு நாள் அளவீட்டை ஆண்டு முழுவதற்கும் நீட்ட முடியுமா என்ற எதிர்வாதம் நியாயமானதே. ஆனால் வேறுபாடு எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்ததால் தற்செயல் என்று தள்ள முடியவில்லை.

காரணம் டெக்சாசின் பார்னெட் பகுதியில் தெளிவானது. அங்கு 2013இல் தரையிலும் வானிலும் ஒரே காலத்தில் அளந்தார்கள். சராசரிக் காரணிகளை விட்டுவிட்டு, அரிதாகக் காணப்படும் பெருங்கசிவுகளையும் கணக்கில் சேர்த்தபோது இரு வழிகளின் எண்களும் நெருங்கிவந்தன. ஏழு படுகைகளில் 8,220 கிணற்றுத் தளங்களை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புக் கேமராவால் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. அதில் சுமார் 4 விழுக்காட்டுத் தளங்களில்தான் பெருங்கசிவு. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தொட்டி மூடிகளிலும் காற்றுக்குழல்களிலும் இருந்தது. படிவத்தில் கேட்கப்படாத கேள்வி அதுதான்.

அரசு அமைப்புகளும் மாறத் தொடங்கின. பைங்குடில் வாயு அறிக்கைத் திட்டத்தில் எண்ணெய், எரிவாயுத் துறைத் தரவு 2011 முதல் சேர்ந்தது. முகமையின் தணிக்கையாளர் 2013 பிப்ரவரியில் நேரடி அளவீடுகள் போதவில்லை என்று குறிப்பிட்டார். படுகை வாரி உள்ளீடுகளைக் கொண்டு மாவட்டந்தோறும் கணக்கிடும் பொது மென்கருவியை முகமை உருவாக்கியது. அதன் முறை மூன்றாம் கட்டத்தை ஒட்டியது. மீத்தேனை நேரடியாகக் கட்டுப்படுத்திய முதல் மாநிலமாகக் கொலராடோ 2014இல் விதி இயற்றி, தொட்டிகளையும் கசிவுத் தேடலையும் அதில் சேர்த்தது. யூட்டா 2014 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை சொந்தக் கணக்கேடு தொகுக்கிறது. மேற்குக் கூட்டமைப்பு 2014ஆம் ஆண்டுக்கான கணக்கையும் 2028க்கான கணிப்பையும் தயாரித்தது.

2024 மார்ச்சில் வெளியான ஆய்வு, ஆறு வட்டாரங்களில் ஏறக்குறைய பத்து லட்சம் வான்வழி அளவீடுகளைத் தொகுத்தது. கசிவு வட்டாரத்துக்கு வட்டாரம் 0.75 முதல் 9.63 விழுக்காடு வரை வேறுபட்டது, மொத்தத்தில் 2.95 விழுக்காடு, அரசுக் கணக்கைப்போல் சுமார் மூன்று மடங்கு. ஒரு படுகையின் காரணியை மற்றொன்றுக்கு எடுத்தாளக் கூடாது என்பதற்கு இந்த அகன்ற இடைவெளியே வலுவான சான்று. விமானமும் செயற்கைக்கோளும் எவ்வளவு கசிகிறது என்று சொல்கின்றன; எந்த இயந்திரம், எந்த மூடி, யாருடைய கிணறு என்பதைக் கருவி வாரியான ஏடே சொல்லும். அண்மைக் கணக்கேடுகள் அளவீட்டில் கிடைத்த பெருங்கசிவுகளைத் தனி வகையாகச் சேர்த்து, மூடிகளின் நிலை, எரிப்பான் உண்மையில் எரியும் நேரம் ஆகியவற்றையும் நிறுவனங்களிடம் கேட்கின்றன.