ஏழடிப் படகும் தாது வருஷப் பஞ்சமும்

ரிடையர் ஆனதும் என்ன பண்ணப் போறீங்கன்னு எல்லாரும் கேட்டாங்க. "படகு வாங்கி கால்வாய்லயே குடியிருக்கப் போறேன்"னு சொன்னேன். தங்கமணி முறைச்ச முறைப்புல அந்தப் பேச்சு அன்னிக்கே முடிஞ்சுது :-)

ஆசைக்குக் காரணம் இங்கிலாந்துக்காரங்க. அங்க வீட்டை வித்துட்டு ஏழடி அகலப் படகுல குடியேறுற பெருசுகள் நிறைய. மணிக்கு நாலு மைல் வேகம்தான். நிரந்தரமா கட்டிவைக்க இடமில்லாதவங்க ஒரே இடத்துல 14 நாளுக்கு மேல நிக்கக்கூடாது. எல்.டி.சி. ரோல்ட் 1944-ல 'நேரோ போட்'னு புத்தகம் எழுதினார். 1946-ல கால்வாய்களைக் காப்பாத்த ஒரு சங்கமே தொடங்கிட்டாங்க.

நம்ம தருமபுரியில ஏழடிப் படகுன்னா ஒகேனக்கல் பரிசல்தான். அதுல குடித்தனம் நடத்த முடியாது, சுத்தி விட்டா தலைதான் கிறுகிறுக்கும்.

ஆனா நம்ம நாட்டுலயும் அப்படி ஒரு நீர்வழி இருந்துதுங்க. பக்கிங்ஹாம் கால்வாய். 1806-ல பேசில் காக்ரேன் மெட்ராஸ்ல இருந்து எண்ணூர் வரைக்கும் வெட்ட ஆரம்பிச்சது, வடக்கே பெத்த கஞ்சாம், தெற்கே மரக்காணம்னு 420 கி.மீ. நீண்டுச்சு. வடக்கே கிருஷ்ணா, கோதாவரி கால்வாய்களோட சேர்ந்ததால காக்கிநாடாவுல படகு ஏறினா மரக்காணத்துல இறங்கலாம். உப்பு, விறகு, நெல்லு எல்லாம் அதுலதான் பட்டணம் வந்துது. காத்து இருந்தா பாய், இல்லாட்டி கழி, அதுவும் ஆகலைன்னா கரையில நடந்து ஆள் கயித்தைப் பிடிச்சு இழுக்கணும்.

பட்டணத்துக்குள்ள அடையாறுக்கும் கூவத்துக்கும் நடுவுல 8 கி.மீ. மட்டும் விட்டுப்போயிருந்தது. அதை வெட்டினது 1877-78-ல, தாது வருஷப் பஞ்சத்துல, பஞ்ச நிவாரண வேலையா. பட்டினியோட வந்த ஜனங்க மண்ணு சுமந்தாங்க. அப்ப கவர்னரா இருந்த பக்கிங்ஹாம் பிரபு பேரை 1878-ல கால்வாய்க்கு வச்சாங்க. சுமந்தவங்க பேர் எங்கயும் இல்ல.

கூலிக் கணக்கைக் கேளுங்க. 1877 ஜனவரியில ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நாள் முழுக்க உழைக்கிற ஆம்பளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா காசுன்னு குறைச்சார். ஒரு பவுண்டுன்னா அரைக்கிலோ கூட இல்லைங்க. சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், இது உயிர் பிழைக்கப் பத்தாதுன்னு சண்டை போட்டார். சில மாசம் கழிச்சு கொஞ்சம் ஏத்தினாங்க.

அப்ப தருமபுரி சேலம் ஜில்லாவுல இருந்தது (பிரிஞ்சது 1965-ல). பஞ்சத்துல ரொம்ப அடிபட்ட ஜில்லாக்கள்ல சேலமும் ஒண்ணு. 1871 சென்சஸ்ல 19 லட்சத்துக்கு மேல இருந்த ஜனம், 1881-ல சுமார் 16 லட்சம். நடுவுல நல்ல காலமா இருந்திருந்தா கூடியிருக்கணுமே!

அப்புறம் ரயில், ரோடு வந்து படகு குறைஞ்சுது. 1965, 66, 76 புயல்கள்ல கால்வாய் சிதைஞ்சுது. சென்னைக்குள்ள சாக்கடை ஆனதோட, பறக்கும் ரயிலுக்குத் தூணையும் அதுக்குள்ளயே நட்டுட்டாங்க. இருந்தும் 2004 சுனாமி அலையை வாங்கி, கரையோர ஊர் பலதுக்கு அடியைக் குறைச்சதும் அதே கால்வாய்தான். 2008-ல தேசிய நீர்வழி 4-ல சேர்த்தாங்க.

மயிலாப்பூர்ல பறக்கும் ரயில் ஏறினா, ஜன்னல் வழியா கீழே பாருங்க. கறுப்பா தெரியுதே, அந்தப் பஞ்சத்துல வெட்டின எட்டு கிலோமீட்டர்ல அதுவும் சேர்த்தி.