மணமகனின் தோழன்: சீனர் திருமணத்தில் ஒரு பணியின் வரலாறு

கேமரன் மலையில் பிரிஞ்சாங் பட்டணத்தைக் கடந்து வடக்கே செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் கியா பார்ம். சாலையோரச் சந்தையில் முட்டைக்கோசும் தேனும் ஸ்ட்ராபெரியும் குவிந்து கிடக்கும். சுற்றியுள்ள சரிவுகளில் சீனர்களின் காய்கறித் தோட்டங்கள் படிப்படியாக இறங்குகின்றன. அங்கிருந்து பிரிந்து செல்லும் குறுகிய பாதையோ சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்கு இட்டுச் செல்கிறது. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியை ஆராய்ந்தார். 1929இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலை நிறுவனத்தைத் தோற்றுவித்தார். காடழித்துத் தேயிலை நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர். காய்கறி பயிரிட்டவர்களில் பெரும்பாலோர் சீனர். ஒரே பனியில் நனைந்து, ஒரே சந்தையில் கைமாற்றி, ஒரே மலைச்சாலையில் இறங்கியேறிய இவ்விரு சமூகத்தாரும் ஒருவர் இல்லத் திருமணத்திற்கு மற்றவர் செல்வது இயல்பு. சீன நண்பனின் மணநாளில் தமிழ் இளைஞன் ஒருவன் ‘ஹெங்தாய்’ எனப்படும் தோழர் கூட்டத்தில் நிற்பதும் உண்டு. ‘ஹெங்தாய்’ என்பது கந்தோனியச் சொல். அண்ணன் தம்பியர் என்பது அதன் பொருள்.

அத்தோழர்களுள் தலைமைத் தோழனின் கடமை யாது? பெண் வீட்டு வாசலில் மிளகாயைக் கடித்துக் கண்ணீர் விடுவதும், விருந்தில் மணமகனுக்குப் பதிலாக மது அருந்துவதுமே அவன் தொழில் என்று பார்ப்போர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் முற்றிலும் தவறன்று. ஆயினும் அது கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தவர் கொள்ளும் எண்ணம்.

சீனரின் பழஞ்சடங்கு நூல்களுள் ஒன்றான ‘யீலீ’ ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொன்மையுடையது. அதில் நற்குடி ஆடவர் திருமணத்திற்கென ஓர் அதிகாரமே உண்டு. பெண் கேட்டல் முதல் மணமகனே நேரிற்சென்று மணமகளை அழைத்து வருதல் வரை ஆறு நிலைகளை அது வகுக்கிறது. அழைப்புப் பயணம் அந்திப்பொழுதில் நிகழ்ந்தது. கரிய அரக்குப் பூசிய வண்டியில் மணமகன் ஏறுவான். பின்னால் இரு வண்டிகள் தொடரும். குதிரைகளுக்கு முன்னே தீப்பந்தம் ஏந்தியோர் நடப்பர். மணமகளை ஏற்றிக்கொண்டு சக்கரம் மும்முறை சுழலும் வரை மணமகனே வண்டியைச் செலுத்திப் பின்னர் வண்டியோட்டியிடம் கடிவாளத்தைக் கொடுப்பான். இல்லம் சேர்ந்ததும் கை கழுவும் சடங்கு. மணமகளுடன் வந்தோர் மணமகனுக்கு நீர் வார்ப்பர். மணமகன் வீட்டுப் பணியாளர் மணமகளுக்கு நீர் வார்ப்பர். இம்மாற்று முறை கருதத்தக்கது. ஒரு வீட்டாரின் கை மற்ற வீட்டாருக்கு நீர் வார்க்கும்போதே உறவு தொடங்கிவிடுகிறது.

யாழ்ப்பாணத்துச் சைவத் திருமணத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று. அங்கு மணமகளின் உடன்பிறந்தானே ‘தோழன்’ என்னும் பெயரோடு நின்று மணமகனின் கால்களைக் கழுவி வரவேற்கிறான். மணமகன் அவனுக்கு மோதிரம் அணிவிக்கிறான். தமிழகத்திலும் மைத்துனனுக்குரிய இடம் இத்தகையதே. அகப்பொருள் இலக்கணம் கூறும் பாங்கனோ வேறு வகையினன். அவன் தலைவனின் நண்பன், களவுக் காலத்தில் துணை நிற்பவன். ஆகவே தமிழ் மரபில் ‘தோழன்’ என்னும் சொல் இரு கரைகளையும் தொட்டு நிற்கிறது. சீனர் மரபில் பிற்காலத்தில் அச்சொல் மணமகனின் கரையிலேயே நிலைபெற்றுவிட்டது.

யீலீ கூறும் வண்டியில் மணமகனுடன் சென்றோர் பணியாளரே. தோழன் எனச் சுட்டத்தக்க ஒருவனை அங்குத் தனியே காண இயலாது. அவனைக் காண்பதற்குத் தாங் அரசமரபின் காலத்திற்கு வரவேண்டும். அக்காலத் திருமணங்களில் பெண் வீட்டாரின் குறும்பு எல்லை மீறிச் சென்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த துவான் செங்ஷி என்பார் ‘யோயாங் சாசூ’ என்னும் தம் தொகுப்பு நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். மணமகன் வந்ததும் பெண் வீட்டு மகளிர் திரண்டு கோல்களால் அவனை அடித்து விளையாடுவராம். அடி தாங்காது சோர்ந்து விழுந்தோரும் உண்டாம். மணமகளின் வண்டியை வழிமறித்து மதுவும் உணவும் கேட்கும் வழக்கமும் பரவியிருந்தது. அதனைத் தடைசெய்யுமாறு அரசவைக்கு முறையீடு செல்லும் அளவிற்கு அது வளர்ந்தது. அடியிலிருந்து தப்பி உள்ளே சென்றாலும் மணமகள் எளிதில் வெளியே வரமாட்டாள். ஒப்பனையை விரைந்து முடிக்க வேண்டிப் பாட்டுப் பாடவேண்டும். அப்பாட்டு வகைக்கே ‘ஒப்பனையை விரைவிக்கும் பாடல்’ என்று பெயர்.

எல்லா மணமகன்களும் கவிஞர்களாக இருப்பதில்லை. இங்கேதான் தோழன் தேவைப்பட்டான். பேரரசர் சியென்சோங் ஆண்ட காலத்தில், அதாவது 805க்கும் 820க்கும் இடையில், யுன்ஆன் இளவரசியின் திருமணம் நிகழ்ந்தது. அத்திருமணத்திற்கு ‘பின்சியாங்’ என்னும் துணைவனாக லூ சாங் என்ற கவிஞரை அவையோர் பரிந்துரைத்தனர். விருந்தினரை எதிர்கொண்டு சடங்கை நடத்திவைப்பவர் என்பது ‘பின்சியாங்’ என்னும் சொல்லின் பழைய பொருள். அரண்மனை மகளிர் கேட்ட கேள்விக்கெல்லாம் லூ சாங் தயங்காது பாட்டாலேயே விடை கூறினார். ஆனால் அவர் தென்கிழக்கிலுள்ள ஊ நாட்டினர். அவர் நாவில் ஊர் வாடை வீசியது. அதனைக் கேட்டு அம்மகளிர் நகைத்து, அவரை எள்ளிப் பாட்டும் எழுதினர். அவரோ அதற்கும் பாட்டாலேயே மறுமொழி தந்தார். பேரரசின் பெருந்திருமணத்தில் மணமகன் பெயரை விடத் துணைவனின் பெயரே இலக்கிய வரலாற்றில் மிகுதியாகப் பேசப்படுகிறது. நாவன்மைக்கு இதைவிட நற்சான்று வேண்டியதில்லை.

இன்று மலேசியச் சீனர் இல்ல வாசலில் நிகழ்வது இதன் தொலைதூர எதிரொலி எனலாம். விடியற்காலையிலேயே தோழர்கள் மணமகன் வீட்டில் கூடுகின்றனர். நாடா கட்டிய கார்கள் குறித்த நல்வேளையில் பெண் வீட்டை அடைகின்றன. மணமகளின் தம்பியோ உறவுச் சிறுவனோ இரண்டு ஆரஞ்சுப் பழங்களுடன் வந்து கார்க்கதவைத் திறப்பான். அவனுக்குச் சிவப்பு உறையில் அங்பாவ் தரப்படும். யாழ்ப்பாணத்து மோதிரத்தின் இடத்தில் இங்குச் சிவப்பு உறை. பின்னர் வாசலில் ‘ஜிமுய்’ எனப்படும் மணமகளின் தோழியர் மறித்து நிற்பர். புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் ஆகிய நான்கு சுவைகளையும் தோழர்கள் உண்டு காட்டவேண்டும். இல்வாழ்வில் வரும் நால்வகை நாள்களையும் சேர்ந்தே சுவைக்கவேண்டும் என்பது இதன் குறிப்பு. இறுதியில் பேரம் தொடங்கும். தோழியர் கேட்கும் தொகை பெரும்பாலும் ஒன்பது என்னும் இலக்கங்களால் ஆனதாக இருக்கும். சீன மொழியில் ஒன்பதும் ‘நெடுங்காலம்’ என்பதும் ஒரே ஒலியுடையவை. நான்கு என்னும் எண்ணை விலக்குவர். அது சாவைக் குறிக்கும் சொல்லோடு ஒலியில் நெருங்கியது. பேரத்தில் வெல்வது மட்டும் தோழனின் திறமன்று. மிகவும் குறைத்துவிட்டால் மணமகன் கஞ்சன் எனப் பெயர் பெறுவான். நேரத்தை நீட்டினால் நல்வேளை தவறிவிடும். சொல் தடித்தால் இரு வீட்டாரின் முகமும் சுருங்கும். எந்நேரத்தில் விட்டுக்கொடுப்பது என்பதை அறிந்தவனே இப்பணிக்கு ஏற்றவன்.

எனினும், இன்றைய தோழனைத் தாங் காலத்துத் துணைவனின் நேர் வாரிசு என்று கூறிவிடல் ஆகாது. இடையில் பன்னூறு ஆண்டுகள் திருமணத் தரகரும், மூத்த மகளிரும், கூலிக்கு அமர்த்தப்பட்ட சடங்குப் பெண்டிருமே காரியங்களை நடத்தினர். கந்தோனியரிடையே ‘தாய்கம்ஜே’ எனப்படும் பெண்மணி நல்வாக்குகள் கூறி மணமகளை வழிநடத்தும் வழக்கம் இன்றும் உள்ளது. மலாக்காவின் பாபா நியோஞ்ஞா திருமணங்களில் மணமகளுக்குச் ‘சாங் கெ ஊம்’ என்னும் மூதாட்டியும் மணமகனுக்குப் ‘பாக் சிண்டேக்’ என்பவரும் துணை நின்றனர். அச்சடங்குகள் பன்னிரண்டு நாள்கள் நீண்டன.

மணமகனின் அருகே கோட்டு அணிந்து நிற்கும் தோழன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேனாட்டுத் திருமண முறையோடு சீன நகரங்களுக்குள் வந்தவன். அம்முறையை அக்காலத்தார் ‘நாகரிகத் திருமணம்’ என அழைத்தனர். வந்தவனுக்கு என்ன பெயர் சூட்டுவது என்ற கேள்வி எழுந்தபோது, பழைய ‘பின்சியாங்’ என்னும் சொல்லையே எடுத்து அணிவித்தனர். 1927 டிசம்பர் 1ஆம் நாள் ஷாங்காயில் சியாங் கை ஷேக்கும் சோங் மேலிங்கும் மணந்துகொண்டபோது லியூ ஜீவென் மாப்பிள்ளைத் தோழனாக நின்றார். கல்வியாளர் சாய் யுவான்பெய் மணச்சான்றாளராக விளங்கினார். பின்னர்ச் சீனக் குடியரசின் குடும்பச் சட்டம் 1931இல் நடைமுறைக்கு வந்தபோது, திருமணம் வெளிப்படையான சடங்குடனும் இரண்டு சாட்சிகளுக்குக் குறையாமலும் நடைபெறவேண்டும் என விதித்தது.

சாட்சி என்னும் சொல்லில்தான் இப்பணியின் முழு எடையும் தங்கியிருக்கிறது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய சீனரின் திருமணங்கள் நெடுங்காலம் எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை. கணவன் உயிரோடிருக்கும் வரை இக்குறை வெளியே தெரியாது. அவன் இறந்து சொத்துப் பிரிவினை வந்ததும், மனைவி என்று கூறிக்கொள்பவள் அதனை மெய்ப்பிக்கவேண்டியவளானாள். 1908இல் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் தீர்ப்பான ‘ஆறு விதவைகள் வழக்கு’ இதற்குப் பெயர்பெற்ற சான்று. சூ எங் சூன் என்னும் வணிகர் இறந்தபின் ஆறு பெண்கள் தாமே அவர்தம் விதவையர் என முன்வந்தனர். சீனரிடையே பலதார மணம் செல்லும் என்றும், இளைய மனைவியர்க்கும் விதவைக்குரிய பங்கில் உரிமை உண்டு என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. பினாங்கிலிருந்து எழுந்த மற்றொரு வழக்கில், இளைய மனைவியை ஏற்பதற்குக் குறிப்பிட்ட சடங்கு கட்டாயமன்று என 1920இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. எவையெவை இன்றியமையாத சடங்குகள் என்று கேட்டறிய அரசு அமைத்த சீனர் திருமணக் குழு 1926இல் அறிக்கை அளித்தபோது, சீனரிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை என்பதே தெளிவாயிற்று. பத்திரம் இல்லாத இடத்தில் மனித நினைவே பத்திரம். தேநீர் அளித்ததைக் கண்டவர் யார், வாசலில் நின்றவர் யார், விருந்துண்டவர் யார் என்பவையே ஒரு பெண்ணின் வாழ்வைத் தீர்மானித்தன.

இந்நிலை சீனர்க்கு மட்டும் உரியதன்று. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி, லயத்தில் விருந்து வைத்து, பதிவகத்தின் படியை மிதிக்காமலே வாழ்ந்து முடித்த தமிழ்த் தம்பதியர் பலர். அவர்களுக்கும் ஊரறிந்த திருமணமே போதுமானதாக இருந்தது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபின் நிலை மாறியது. முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதார மணமே சட்டமாயிற்று, பதிவு கட்டாயமாயிற்று, நடத்திவைப்பவரைத் தவிர நம்பத்தக்க இருவர் சாட்சியாக இருக்கவேண்டும் எனவும் ஆயிற்று. அந்நாளுக்கு முன் வழக்கப்படி நடந்த மணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதன் பின்னர்ப் பதியாமல் விட்டவர்களின் துன்பம் பிள்ளைகளைச் சார்ந்தது. சட்டப்படி மணம் புரியாத பெற்றோரின் பிள்ளைக்கு, குடியுரிமை தந்தையைக் கொண்டன்று, தாயைக் கொண்டே பார்க்கப்படும் என அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை கூறுகிறது. தாய்க்குக் குடியுரிமை இல்லையெனில் பிள்ளையும் நாடற்றதாகிவிடக்கூடும். எவ்வளவு பெரிய விருந்து வைத்தாலும் இதனை ஈடுசெய்ய இயலாது.

இக்காலச் சீன மணமக்கள் பலர் விருந்துக்குச் சில மாதங்களுக்கு முன்னரே பதிவுத் துறை அலுவலகத்திலோ, கோலாலம்பூர்த் தியான் ஹோவ் கோயில் போன்ற இடங்களிலோ பதிவை முடித்துக்கொள்கின்றனர். பின்னாளில் தோழனாக நிற்கப் போகிறவனே அங்குச் சாட்சியாகக் கையொப்பமிடுவதும் உண்டு. அப்போது அவன் வேடிக்கை செய்பவனல்லன். பழைய நீதிமன்றங்கள் தேடித்தேடி அலைந்த மனிதன்.

மணநாளின் நடுப்பகுதி தேநீர்ச் சடங்கு. மணமக்கள் மண்டியிட்டு மூத்தோர்க்குச் செம்பேரீச்சையும் தாமரை விதையும் இட்ட தேநீரை அளிப்பர். எந்த உறவினரை எவ்வுறவுச் சொல்லால் அழைப்பது என்பதை மணமகள் அன்று முதல் கற்றுக்கொள்கிறாள். தேநீர் ஏன்? மிங் காலத்து லாங் யிங் என்பார் ஒரு காரணம் கூறுகிறார். தேயிலைச் செடியை விதையிட்டே வளர்க்கவேண்டும், பெயர்த்து நட்டால் பிழைக்காது. ஆதலால் பெண் நிச்சயத்தைத் ‘தேநீர் உண்ணல்’ என்றனர் என்பது அவர் விளக்கம். கேமரன் மலைத் தோட்டக்காரர் எவரும் இதனை ஒப்பமாட்டார். நாற்றங்காலில் வளர்த்துப் பெயர்த்து நட்ட செடிகளே தேயிலைத் தோட்டங்கள். அவற்றை நட்ட கைகளும் கடல் கடந்து பெயர்ந்து வந்தவையே. வழக்கம் மட்டும் காரணத்தைக் கேளாமல் நிலைத்துவிட்டது.

தேநீர்ச் சடங்கின்போது தோழனுக்கு அமைதியான வேலை. மூத்தோர் தரும் அங்பாவ் உறைகளும் நகைகளும் ஒன்றும் தவறாமல் பைக்குள் சேரவேண்டும். மாலை விருந்தில் அவனே குரலெழுப்பி ‘யாம் செங்’ என்னும் வாழ்த்தொலியைத் தொடங்கிவைப்பான். மண்டபம் முழுவதும் மூச்சடக்கி அவ்வொலியை நீட்டும். மணமகன் மேசைதோறும் செல்லும்போது அவன் கோப்பையில் பாதியைத் தோழன் ஏற்பான். தோழன் மது அருந்தாதவனாயின் தேநீரோடு நிற்பதைப் பெரும்பாலும் எவரும் குறை கூறுவதில்லை. விருந்தினர் கலைந்தபின் அவன் கையிலிருந்த பையை மணமகனின் தாயிடம் எண்ணிக் கொடுக்கவேண்டும். மூன்றாம் நாள் மணமக்கள் பெண் வீட்டிற்குத் திரும்பிச் செல்லும் சடங்கில் அவனுக்கு வேலையில்லை. அந்த வாசலில் இனி மறிப்பாரும் இல்லை.