வில்லியனூர் ரேடியோவும் எங்க வீட்டு மெஷ் வைஃபையும்

எங்க அரியாங்குப்பம் வீடு முன்னாடி பின்னாடி நீளமான வீடு. ரவுட்டர் தெருப்பக்க அறையில. மூணு சுவரு தாண்டி அடுப்படிக்குப் போனா சிக்னல் செத்துடும். போன மாசம் மூணு பெட்டி உள்ள மெஷ் வைஃபை வாங்கி, வரிசையா வெச்சேன். ரெண்டே நாள்தான். மிக்சி போட நடு பெட்டியோட பிளக்கை அம்மா புடுங்க, கடைசிப் பெட்டியும் அவுட்டு! "அறுந்தா தானே வேற வழியில போகும்னு சொன்னியேடா?"ன்னு ஒரு கேள்வி வேற.

நியாயமான கேள்விதான். பதில் தேடப் போய், கொசுவத்தி சுத்தி 1998-க்குப் போயிட்டேன்.

அந்த வருஷம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நம்ம புதுவைக் கிராமங்கள்ல 'தகவல் கிராமம்' திட்டத்தை ஆரம்பிச்சுது. வில்லியனூர்தான் மையம். டெலிபோன் ஒழுங்கா இல்லாத ஊர்களுக்கு ரேடியோ வழியாவே தகவல் போச்சு. பக்கத்து வீராம்பட்டினத்துக்கு வந்தது அலை உயரம். அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்துல இருந்து வில்லியனூர்ல எடுத்து, தமிழ்ல அனுப்புவாங்க; மீனவர்கள் ஒலிபெருக்கியில கேட்டுட்டுக் கடலுக்குப் போவாங்க. வைஃபைங்கற பேரே இல்லாத காலம் மக்களே!

ஆனா அது நட்சத்திர அமைப்பு. எல்லாக் கிராமமும் வில்லியனூரைத்தான் பார்க்கணும். இந்த அமைப்போட பலவீனத்தை 1964-லேயே அமெரிக்காவுல பால் பாரன் எழுதி வெச்சிட்டாரு: மையம் போச்சுன்னா எல்லாம் போச்சு. அவரு சொன்ன மாற்று, மீன்வலை மாதிரி ஒரு அமைப்பு. ஒரு முடிச்சு அறுந்தாலும் பக்கத்து முடிச்சு வழியா செய்தி சுத்திப் போயிடும். மெஷ்ஷோட கரு இதுதான். வைஃபைக்கான மெஷ் தரம் (802.11எஸ்) வந்தது 2011-ல, வீட்டுக்கான பெட்டிகள் பரவலானது 2016-க்கு அப்புறம்.

இப்போ 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை காலை. நமக்குத் தெற்கே இருக்கிற நல்லவாடு. சுனாமி எச்சரிக்கை எந்த மையத்துல இருந்தும் வரல. சிங்கப்பூர்ல வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருத்தர் டிவியில செய்தி பார்த்துட்டு வீட்டுக்குப் போன் போட்டாரு. ஊர்க்காரங்க தகவல் மையத்தோட பூட்டை உடைச்சு, அதே ஒலிபெருக்கியில அறிவிச்சாங்க. சுமார் 3,600 பேர் உயிர் பிழைச்சாங்க. நட்சத்திர அமைப்புக்கு வெளியே இன்னொரு வழி இருந்ததுதான் காப்பாத்துச்சு.

அம்மாவோட கேள்விக்கும் பதில் இதுலயே இருக்கு. நான் வாங்கினது மெஷ். வெச்சது ஒத்தைக் கயிறு! இப்போ ஒரு பெட்டியை மாடிக்கு ஏத்தி, மூணும் ஒண்ணையொண்ணு நேரடியா தொடுற மாதிரி முக்கோணமா வெச்சிருக்கேன். முடிஞ்சா பெட்டிக்குப் பெட்டி கேபிள் இழுத்துடுங்க. ஒரே அலைவரிசையில கேட்டு, அதுலயே திருப்பிச் சொன்னா வேகம் பாதியாயிடும்.

ஆனாலும் ஒண்ணு. தெருவுல இருந்து வர்ற கேபிள் ஒண்ணுதானே? அது அறுந்தா மூணு பெட்டியும் சும்மா விளக்கு எரிய உக்காந்திருக்கும். அதனால புயல் மாசத்துல வேற கம்பெனி சிம் ஒண்ணும், பேட்டரி ரேடியோ ஒண்ணும் கைவசம் வெச்சிருக்கேன்.

உங்க வீட்டுல ரெண்டாவது வழி எது?