கடைக்கணக்கும் ஓட்டுச் சீட்டும்

1908-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், மெக்ஸிகோ தேசத்து ஜனாதிபதி போர்ஃபிரியோ டியாஸ், ஜேம்ஸ் கிரீல்மன் என்னும் அமெரிக்க நிருபருக்கு அளித்த பேட்டியொன்று ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில் வெளியாயிற்று. தம் ஜனங்கள் ஜனநாயகத்துக்குப் பக்குவப்பட்டுவிட்டார்கள் என்றும், நடப்புப் பதவிக்காலம் முடிந்ததும் தாம் ஓய்வுபெறப் போவதாகவும், எதிர்க்கட்சி ஒன்று தோன்றுமாயின் அதை வரவேற்பதாகவும் அதில் அவர் கூறியிருந்தார். அப்போது அவருக்கு வயது 77. அன்னிய நாட்டு முதலாளிகளின் காது குளிரச் சொல்லப்பட்ட சொல் அது. ஆனால் மெக்ஸிகோப் பத்திரிகைகளில் மொழிபெயர்க்கப்பட்டு ஊர் ஊராகப் பரவிவிட்டது. முப்பதாண்டுகளாக வாய்மூடியிருந்தவர்கள், வாய் திறக்க ஜனாதிபதியே உத்தரவு கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்த டியாஸ் யார்? பிரெஞ்சுப் படையை எதிர்த்து 1862-ல் பூவப்லா நகரத்தில் தீரத்துடன் போரிட்ட தளகர்த்தர். பிறகு, ஜனாதிபதியாக இருந்தவர் மீண்டும் அப்பதவிக்கு நிற்பது குடியரசுக்கே கேடு என்று முழங்கி, 1871-ல் ஹுவாரஸுக்கு விரோதமாகவும் 1876-ல் லெர்டோவுக்கு விரோதமாகவும் கலகம் செய்தவர். இரண்டாம் கலகத்தில் வென்று நாட்டைக் கைப்பற்றினார். 1880 முதல் 1884 வரை நண்பர் ஒருவரை ஆசனத்தில் அமர்த்திவிட்டு, மறுபடியும் தாமே ஏறிக்கொண்டார். 1887-ல் சட்டம் சற்றே திருத்தப்பட்டது. 1890-ல் எத்தனை முறையும் நிற்கலாமென்று ஆயிற்று. 1904-ல் பதவிக்காலம் ஆறு வருஷமாக நீட்டப்பட்டது. 'மறு தேர்தல் கூடாது' என்று கத்தியை உருவியவர், அதே வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சட்டப் புத்தகத்திலிருந்து துடைத்தார்!

அவர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. அவர் வந்தபோது சுமார் 400 மைலாக இருந்த ரயில் பாதை 1910-ல் சுமார் 12,000 மைலாயிற்று. சுரங்கங்கள் திறந்தன, துறைமுகங்கள் பெருகின, வழிப்பறி அடங்கிற்று. லண்டனிலும் நியூயார்க்கிலும் அவருடைய கையொப்பத்துக்குக் கடன் கிடைத்தது. ஆயினும் அந்த ரயிலில் போன சரக்கு யாருடையது? அதை விளைவித்தவன் வீட்டில் என்ன மிஞ்சிற்று? இங்கேதான் அக்காலத்துப் புகழ்மாலைகள் மௌனம் சாதிக்கின்றன.

யுக்காத்தான் பிரதேசத்தில் கற்றாழை இனத்தைச் சேர்ந்த ஒரு செடி பயிராயிற்று. அமெரிக்கக் கோதுமை வயல்களில் அறுவடை இயந்திரம் கதிரைக் கட்டுவதற்கு வேண்டிய கயிறு அதன் நாரிலிருந்து திரிக்கப்பட்டது. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் மாயா இனத்தாரும், வடக்கே சொனோராவில் நிலத்தைப் பறிகொடுத்து அங்கிருந்து நாடுகடத்தப்பட்ட யாக்கி இனத்தாருமாவர். பல பெரும் பண்ணைகளில் கூலி காசாகக் கொடுக்கப்படவில்லை. பண்ணைக் கடையில் மட்டும் செல்லத்தக்க வில்லையாகவோ, புத்தகத்தில் ஒரு வரியாகவோ கொடுக்கப்பட்டது. சோளமும் துணியும் சாராயமும் அந்தக் கடையிலேதான். கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் பற்றில் ஏறும். சாவுச் செலவும் பற்றில் ஏறும். பற்றுத் தீராமல் பண்ணையை விட்டுப் போனவனைப் பிடித்துவரப் போலீஸ் உண்டு. தகப்பன் பற்று மகன் தலையில் விழுந்தது.

கூட்டல் கழித்தல் தெரிந்தவன் ஒருவன் அந்தப் பேரேட்டின் முன் உட்கார்ந்திருப்பான் அல்லவா? தினமும் தோட்டத்துக் கணக்கை எழுதிப் பிழைக்கும் எனக்கு, ஜனாதிபதியை விட அந்தக் குமாஸ்தாவின் நினைவே அதிகம் வருகிறது. கணக்கில் பிழை இராது. பிழையற்ற அந்தக் கணக்கில் ஒருவனுடைய ஆயுள் முழுதும் அடங்கிப்போகும். நம் பாட்டன்மார்களை ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவுக்கு அனுப்பும் முறை நிறுத்தப்பட்டதும் 1910-ஆம் வருஷத்தில்தான். கங்காணிக் கடனைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு யுக்காத்தானைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அதிருப்தி முதலில் வெடித்த இடங்களைக் கவனியுங்கள். 1906-ல் கனனேயா தாமிரச் சுரங்கத்தில், அமெரிக்கத் தொழிலாளிக்கு அதிகக் கூலியும் மெக்ஸிகோக்காரனுக்குக் குறைந்த கூலியும் கொடுக்கப்பட்டதால் வேலை நிறுத்தம் மூண்டது. எல்லைக்கப்பாலிருந்து ஆயுதம் தாங்கிய அமெரிக்கர் வந்து சேர்ந்தனர். 1907 ஜனவரி 7-ந் தேதி ரியோ பிளாங்கோ துணி ஆலைத் தொழிலாளர்கள் ஆத்திரம் மிகுந்து முதலில் தாக்கியது எதை? கடையை! பட்டாளம் வந்து சுட்டது, பலர் மாண்டனர். மேற்சொன்ன பேட்டி இதற்கு அடுத்த வருஷம் வெளியானது.

இனி, பேச்சை நம்பியவர்களின் கதி. தளபதி ரேயஸ் பக்கம் ஜனங்கள் சாய்ந்தபோது, ராணுவ விஷயம் பயிலுமாறு அவர் 1909-ல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். பின்பு முன்வந்தவர் பிரான்சிஸ்கோ மடேரோ. குள்ளமான உருவம், பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை, மாமிசம் உண்ணாதவர், ஆவிகளோடு பேசுவதில் நம்பிக்கையுள்ளவர். இந்த மனிதரைப் பார்த்து அரண்மனையில் சிரித்திருப்பார்கள். அவரோ 1910-ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றி ஒரு நூல் எழுதி, ரயிலேறி ஊர் ஊராகச் சென்று பேசினார். டியாஸ் போட்ட ரயில் பாதையே டியாஸுக்கு விரோதமான பிரசங்கியைச் சுமந்தது. அவர் கோஷம் புதியதன்று: மெய்யான ஓட்டு, மறு தேர்தல் கூடாது. கிழவரின் பழைய வார்த்தைகளே அவர்மீது திரும்பின.

1910 ஜூன் மாதத்தில் மடேரோ சிறைப்பட்டார். அவர் உள்ளேயிருக்கையிலேயே தேர்தல் நடந்து, டியாஸ் மீண்டும் 'ஏகோபித்து' வென்றதாக அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் சுதந்தர நூற்றாண்டு விழா. ஜனாதிபதிக்கு 80 வயது நிறைவு. அன்னிய தூதர்களுக்கு விருந்து. தலைநகரில் தங்க முலாம் பூசிய தேவதையைத் தாங்கிய உயர்ந்த தூண். அந்த விருந்து மண்டபத்தின் விளக்கொளியில் யுக்காத்தான் தெரியவில்லை.

அக்டோபரில் மடேரோ தப்பி டெக்ஸாஸ் சேர்ந்து, நவம்பர் 20-ந் தேதி ஜனங்கள் எழவேண்டுமென்று அறைகூவினார். அன்று பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. ஆனால் சில மாதங்களில் வடக்கே ஒரோஸ்கோவும் வில்லாவும், தெற்கே கரும்புப் பண்ணைகள் விழுங்கிய நிலத்தைத் திருப்பிக் கேட்டு ஸப்பாட்டாவும் திரண்டனர். 1911 மே 10-ந் தேதி ஹுவாரஸ் எல்லைப் பட்டணம் வீழ்ந்தது. மே 25-ந் தேதி டியாஸ் ராஜிநாமாச் செய்து, ஜெர்மன் கப்பலொன்றில் ஏறினார். 1915-ல் பாரிஸில் இறந்தார்.

மடேரோ ஓட்டைப் பெரிதாக நினைத்தாரேயன்றி, கடைக்கணக்கை அவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். நிலம் கேட்டவர்களைப் பொறுத்திருக்கச் சொன்னார். பழைய பட்டாளத்தை அப்படியே வைத்துக்கொண்டார். அப்பட்டாளத்தின் தளபதியே கவிழ்க்க, 1913 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். நாடு மேலும் பல ஆண்டுகள் ரத்தத்தில் நனைந்தது. 1917-ல் பிறந்த புதிய அரசியல் சட்டத்தில் ஜனாதிபதிக்கு மறு தேர்தல் இல்லையென்று எழுதினார்கள். அதே சட்டத்தின் 123-ஆம் விதியில், கூலி நாணயமாகவே கொடுக்கப்படவேண்டும். குறிப்பிட்ட கடையில்தான் வாங்கவேண்டும் என்ற நிபந்தனை செல்லாது. தொழிலாளி முதலாளிக்குப் பட்ட கடனுக்கு அவனே பொறுப்பாளி, அவன் குடும்பத்தாரிடம் வசூலிக்கக் கூடாது. அதுவும் ஒரு மாதக் கூலிக்கு மேல் கேட்கக் கூடாது என்றும் எழுதினார்கள்.