ரூசோவின் ஐவர், காந்தியின் மூத்தவர்

தன் குறைகளைத் தானே அச்சில் ஏற்றியவர்கள் என்றால் இரண்டு பெயர்கள் உடனே நினைவுக்கு வரும்: ழான் ழாக் ரூசோ, மோகன்தாஸ் காந்தி. ரூசோவின் ‘ஒப்புதல்கள்’ அவர் இறந்த பிறகு 1782இலும் 1789இலும் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. காந்தியின் ‘சத்திய சோதனை’ 1925 நவம்பரில் ‘நவஜீவன்’ இதழில் குஜராத்தித் தொடராகத் தொடங்கியது. இருவரும் திருடியதை எழுதினார்கள், காமத்தை எழுதினார்கள், கோழைத்தனத்தை எழுதினார்கள். இருவருடைய உண்மையும் இடறிய இடம் ஒன்றே. பிள்ளைகள்.

இந்த ஒப்பீட்டில் நான் பார்க்க விரும்புவது அவர்கள் நல்ல அப்பாக்களா என்பதை அல்ல. அதற்கு விடை எல்லோருக்கும் தெரியும். தன்னை இப்படித்தான் என்று ஊரறியச் சொல்லத் துணிந்த ஒருவர், தன் மகன் முன்னால் அதே துணிவோடு நின்றாரா என்பதுதான் என் கேள்வி.

முதலில் அவர்கள் மகன்களாக இருந்த காலம். ரூசோ 1712இல் ஜெனீவாவில் பிறந்தார். பிறந்த சில நாட்களில் தாய் இறந்துபோனார். தந்தை இசாக், கடிகாரம் செய்பவர். இரவு உணவுக்குப் பின் அப்பாவும் பிள்ளையும் மாறி மாறி நாவல் படிப்பார்கள்; புத்தகம் முடியாமல் எழுந்திருக்க மாட்டார்கள். விடியலில் குருவிச் சத்தம் கேட்கும்போதுதான் அப்பாவுக்கு வெட்கம் வரும், உன்னைவிட நான்தான் குழந்தை என்று சொல்லிப் படுக்கப் போவார். இவ்வளவு ஒட்டியிருந்த அப்பா, மகனுக்குப் பத்து வயதாகும்போது ஒரு சண்டை வழக்கில் சிக்கி ஊரைவிட்டே போய்விடுகிறார். பிள்ளை மாமா வீட்டில் வளர்கிறான். பதினாறாவது வயதில் அவன் ஜெனீவாவிலிருந்து ஓடிப்போகிறான். அப்பா தேடிக்கொண்டு வருகிறார், ஆனால் ஆன்னெசி வரைதான். மகன் நடந்து போகிறான், அப்பா குதிரையில் வந்திருக்கிறார், நினைத்திருந்தால் பிடித்திருக்கலாம். அங்கேயே அழுதுவிட்டுத் திரும்பிவிட்டார். இறந்துபோன மனைவியின் சொத்திலிருந்து பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய வருமானம், அவர்கள் இல்லாதவரை தனக்கே வரும் என்பதும் அந்த அழுகைக்குள் இருந்தது. இதை ரூசோவே எழுதுகிறார், அதுவும் கோபமில்லாமல். நல்ல மனிதர்தான், ஆனால் ஆதாயம் கடமையைப் பார்த்துக்கொண்டுவிட்டது என்ற தொனியில். இதே சலுகையைப் பின்னால் தனக்கும் அவர் கேட்கப்போகிறார்.

காந்தியின் கதை நம் பள்ளிப் பாடங்களில் வந்து தேய்ந்துபோனது. ஆனாலும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். அண்ணனுக்கு இருபத்தைந்து ரூபாய் கடன். அண்ணன் கையில் தங்கக் காப்பு. பதினைந்து வயது மோகன்தாஸ் அதில் கொஞ்சம் வெட்டியெடுத்துக் கடனை அடைக்கிறார். பிறகு மனது கேட்கவில்லை. நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதிக் கொடுக்கிறார்: குற்றம் இது, தண்டனை கொடுங்கள், ஆனால் என் குற்றத்துக்காக உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். தந்தை கரம்சந்த், ராஜ்கோட் திவானாக இருந்தவர், பவுத்திர நோயால் வெறும் மரப்பலகையில் படுத்திருக்கிறார். எழுந்து உட்கார்ந்து படிக்கிறார். கண்ணீர் தாளை நனைக்கிறது. கொஞ்சநேரம் கண்ணை மூடி யோசிக்கிறார், தாளைக் கிழித்துப் போடுகிறார், மறுபடி படுத்துக்கொள்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. அஹிம்சைக்கு அது தனக்குக் கிடைத்த கண்கூடான பாடம் என்று காந்தி பின்னால் எழுதினார்.

ஆக ஒருவருக்குக் கிடைத்தது பாதி வழியில் திரும்பிய அப்பா. மற்றவருக்குக் கிடைத்தது கடிதத்தைக் கிழித்த அப்பா.

இனி அவர்கள் அப்பாக்களான கதை. 1745இல் பாரிஸில் ரூசோ தெரேஸ் லெவாசர் என்ற பெண்ணைச் சந்திக்கிறார். அவர் தங்கியிருந்த விடுதியில் துணி வேலை பார்த்தவள். அவர்களுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தன என்று ரூசோ எழுதுகிறார். ஐந்தையும் பிறந்தவுடன் மருத்துவச்சி கையில் கொடுத்து, பாரிஸின் அநாதைக் குழந்தை இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். முதல் குழந்தையின் துணிக்குள் ஒரு அடையாளச் சீட்டு வைத்தார்கள், அதன் பிரதி ரூசோவிடம் இருந்தது. அடுத்தடுத்த குழந்தைகளுக்கு அதுவும் இல்லை. தெரேஸ் சம்மதிக்கவில்லை, அழுதுகொண்டே பணிந்தாள். அந்த இல்லத்தில் சேர்ந்த குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் ஆண்டைக்கூடத் தாண்டுவதில்லை என்பது அன்றைய பாரிஸில் ரகசியமல்ல.

1762இல் இதே ரூசோ ‘எமீல்’ எழுதினார், குழந்தையை எப்படி வளர்க்க வேண்டும் என்று. தாய்ப்பால் கொடுங்கள், துணியில் இறுக்கிக் கட்டாதீர்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு ஐரோப்பாவின் சீமாட்டிகள் செவிலித்தாய்களை அனுப்பிவிட்டுத் தாங்களே பாலூட்டத் தொடங்கினார்கள். அந்தப் புத்தகத்திலேயே ஓரிடத்தில், அப்பாவின் கடமையைச் செய்ய முடியாதவனுக்கு அப்பாவாகும் உரிமை இல்லை, வறுமையோ வேலையோ சாக்காகாது, அதைச் செய்யாதவன் நெடுங்காலம் அழுவான் என்று எழுதுகிறார். தன் பெயரைச் சொல்லாமல் தன்னைப் பற்றி எழுதிய வரி அது.

1764இல் வோல்டேர் பெயர் போடாத ஒரு துண்டுப் பிரசுரத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். குழந்தைகளை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டவர் என்று அதில் இருந்தது. ரூசோ என்ன செய்தார்? நான் எந்தக் குழந்தையையும் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் விட்டதில்லை என்று மறுத்தார். சட்டப்படி பார்த்தால் பொய்யல்ல. வாசலில் விடவில்லை, உள்ளே ஒப்படைத்தார். உண்மையையே தன் தெய்வமாக வரித்துக்கொண்டவரின் வாயிலிருந்து வந்த அந்த வக்கீல் பதில் எனக்கு ஐந்து குழந்தைகளின் கதையைவிட அதிகம் உறுத்துகிறது.

பின்பு ‘ஒப்புதல்கள்’ நூலில் எல்லாவற்றையும் எழுதினார். எழுதிய விதத்தைப் பாருங்கள். சாப்பாட்டு மேசையில் கூட இருந்தவர்கள் இதையெல்லாம் சாதாரணமாகப் பேசினார்கள், ஊர் வழக்கப்படி நடந்தேன்; தெரேஸின் குடும்பத்தாரிடம் விட்டால் பிள்ளைகள் இதைவிடக் கெட்டுப்போயிருப்பார்கள்; பிளேட்டோவின் குடியரசில் ஒரு குடிமகனாக என்னை நினைத்துக்கொண்டேன்; என் இதயம் கெட்டதல்ல. தவறு என்று ஒப்புக்கொள்கிறார், அடுத்த மூச்சில் தன்னை மன்னித்தும் விடுகிறார். தன்னை உள்ளபடி ஏற்றுக்கொள்வது என்று இன்று மேடைதோறும் பேசுகிறார்களே, அதன் மூதாதை ரூசோதான். இயற்கை என்னை எப்படி வார்த்ததோ அப்படியே நிற்கிறேன் என்கிறார். அந்த ஏற்பில் ஐந்து பேருக்கு இடம் இல்லாமல் போயிற்று.

காந்தியிடம் இந்தக் கணக்கு தலைகீழ். குழந்தைகளைக் கைவிடுவது இருக்கட்டும், தன் பிடியைத் தளர்த்தவே தெரியாதவர். இரண்டாவது மகன் மணிலால் பத்து வயதில் பம்பாயில் கடும் ஜுரத்தில் கிடந்தபோது, முட்டையும் கோழி சூப்பும் கொடுங்கள் என்றார் பார்சி டாக்டர். காந்தி மறுத்தார். மகனிடமே கேட்டார், அவனும் வேண்டாம் என்றான். ஈரத் துணியில் சுற்றிப் போர்த்திவிட்டுத் தெருவில் நடக்கப் போகிறார், பிள்ளை பிழைப்பானா என்ற கலக்கத்தோடு ராம நாமத்தைச் சொல்லிக்கொண்டு திரும்புகிறார். மணிலால் பிழைத்தார். ‘சத்திய சோதனை’யின் இந்த அத்தியாயத்தைப் படிக்கும் எந்தப் பெற்றவருக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனால் அந்த இரவில் அவர் பிள்ளையின் பக்கத்தில் இருந்தார். ரூசோவின் வாழ்க்கையில் அப்படி ஓர் இரவு கிடையாது.

சிக்கல் மூத்தவர் ஹரிலாலிடம். 1888இல் பிறந்தவர். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கக் கப்பல் ஏறிவிட்டார். பின்னால் தென்னாப்பிரிக்காவில் ஹரிலால் சத்தியாக்கிரகியாகப் பலமுறை சிறை சென்றார். ‘சின்ன காந்தி’ என்று பெயர் வாங்கினார். அவருக்கு ஓர் ஆசை, படிக்க வேண்டும். பட்டப்படிப்பு அடிமைத்தனம் என்ற முடிவுக்கு அப்பா வந்துவிட்டிருந்தார். நண்பர் பிராண்ஜீவன் மேத்தா காந்தியின் மகன் ஒருவரை இங்கிலாந்தில் படிக்கவைக்க முன்வந்தபோது, அந்த வாய்ப்பைக் காந்தி முதலில் உறவினர் சகன்லாலுக்கும், அவர் திரும்பியபின் சொராப்ஜி அடஜானியா என்ற பார்சி இளைஞருக்கும் கொடுத்தார். தன் பிள்ளைக்குச் சலுகை காட்டக் கூடாது என்ற நேர்மை. பாரிஸ்டராக இருந்த அப்பாவின் நேர்மைக்கு விலை கொடுத்தது படிப்பு கிடைக்காத மகன். 1911இல் ஹரிலால் வீட்டைவிட்டுப் போனார்.

1915இல் ஹரிலால் தந்தைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி, அச்சிட்டுச் சிலருக்குக் கொடுத்தார். எங்கள் பேச்சை நீங்கள் என்றுமே கேட்டதில்லை, சர்க்கஸ்காரர் விலங்குகளை நடத்துவதுபோல் எங்களை நடத்தினீர்கள் என்பது அதன் சாரம். இந்த இடத்தில்தான் ராஜ்கோட்டின் மரப்பலகை நினைவுக்கு வருகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மகன் எழுதிய தாளை ஒரு தந்தை கிழித்துப் போட்டார். வாதம் இல்லை, விளக்கம் இல்லை. இப்போது தந்தையாகிவிட்ட அந்த மகனுக்கு ஒரு தாள் வருகிறது. அவரால் அழ முடிந்திருக்கலாம்; கிழித்துப் போட்டுவிட்டு மகனைக் கூப்பிட முடியவில்லை. இரண்டு கடிதங்களும் ஒன்றல்லதான். ஒன்று என் தப்பு என்றது, மற்றது உன் தப்பு என்றது. முன்னதை மன்னிப்பது எளிது.

1918இல் ஹரிலாலின் மனைவி குலாப் இன்புளூயன்சாவில் இறந்தார். குடி, கடன், தோற்ற வியாபாரங்கள். 1925 ஜூனில், ஹரிலாலின் கல்கத்தா கம்பெனியில் காந்தி பெயரை நம்பிப் பணம் போட்ட ஒருவருக்காக லயால்பூர் வக்கீல் ஒருவர் எழுதிய கடிதத்தைக் காந்தி ‘யங் இந்தியா’வில் வெளியிட்டுப் பதில் எழுதினார். ஆம், அவன் என் மகன்தான். ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவன் வழி வேறு, என் வழி வேறு. பெரிய பெயரைப் பார்த்துப் பணம் போடாதீர்கள் என்றார். வோல்டேருக்கு ரூசோ சொன்ன பதிலையும் இதையும் பக்கத்தில் வைத்தால் யார் நேர்மையானவர் என்பதில் சந்தேகமே இல்லை. ஒருவர் குழந்தைகளை மறைக்கச் சொற்களை வளைத்தார். மற்றவர் யாரும் சட்டப்படி கேட்க முடியாத பொறுப்புக்கும் தானாக வந்து நின்று பதில் சொன்னார்.

அதே ஆண்டு தொடங்கிய ‘சத்திய சோதனை’யில் மூத்த மகனின் குறைகளெல்லாம் கட்டுப்பாடற்ற தன் இளமையின் எதிரொலி என்று எழுதுகிறார். பெரிய ஒப்புதல்தான். ஆனால் கொஞ்சம் யோசித்தால், இதிலும் ஹரிலால் இல்லை. அப்பாவின் பாவத்துக்கு ஓர் அத்தாட்சியாக மட்டுமே இருக்கிறார். படிக்க ஆசைப்பட்ட, மனைவியை நேசித்த, வியாபாரம் செய்யத் தெரியாமல் செய்த ஒரு தனி மனிதர் அந்த வரிக்குள் நுழையவே இல்லை. தன்னைத் திருத்திக்கொண்டே இருந்தவர் காந்தி; ஒருநாளும் தன்னை இப்படியே இருக்கட்டும் என்று விட்டதில்லை. அப்படிப்பட்டவருக்கு மகனை மட்டும் இப்படியே இருக்கட்டும் என்று விட எங்கிருந்து வரும்? ரூசோ தன்னை முழுக்க ஏற்றுக்கொண்டதால் பிள்ளைகளை இழந்தார், காந்தி தன்னை ஏற்றுக்கொள்ளவே மறுத்ததால் ஒரு பிள்ளையை இழந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால் தயங்காமல் காந்தி என்பேன். அவர் கடைசிவரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், கடுமையாக, கெஞ்சலாக, மறுபடி கடுமையாக. 1936இல் ஹரிலால் இஸ்லாத்தில் சேர்ந்து அப்துல்லா ஆனார், சில மாதங்களில் ஆரிய சமாஜம் வழியாகத் திரும்பினார். அப்போதும் உறவு அறுந்துவிடவில்லை.

கட்னி ரயில் நிலையத்தில் நடந்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். காந்தியும் கஸ்தூரிபாவும் போன ரயில் நின்றபோது, கூட்டம் காந்திக்கு ஜே போட, ஒரு குரல் மட்டும் அன்னை கஸ்தூரிபாவுக்கு ஜே என்றது. கந்தல் உடையில் ஹரிலால். பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். எனக்கு என்ன என்று அப்பா கேட்க, உங்களுக்கு ஒன்றுமில்லை, உங்கள் பெருமையெல்லாம் அம்மாவால் வந்தது என்றார். கூடவே வந்துவிடு என்று கூப்பிட்டார்கள்; வரவில்லை. வண்டி கிளம்பிய பிறகுதான், பெட்டி நிறையப் பழம் இருந்தும் பிள்ளைக்கு ஒன்று கொடுக்கவில்லையே என்று தாய்க்கு உறைத்தது.

1948 ஜனவரி 31 அன்று காந்தியின் சிதைக்குத் தீ மூட்டியவர் மூன்றாவது மகன் ராம்தாஸ். மூத்தவர் அதே ஆண்டு ஜூன் 18இல் பம்பாய் மருத்துவமனை ஒன்றில் இறந்தார்.

ரா. வேங்கடராஜுலு மொழிபெயர்த்த ‘சத்திய சோதனை’ நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. அதைப் படித்தவர்கள், சந்துலால் தலால் எழுதிய ஹரிலாலின் வரலாற்றையும் தேடிப் படித்துவிடுங்கள். மகன் தரப்பு அதில் இருக்கிறது. ரூசோவின் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. 1761இல் ரூசோவை ஆதரித்த லுக்ஸம்பூர் சீமாட்டி ஆளனுப்பி, அந்த அடையாளச் சீட்டை வைத்து முதல் குழந்தையையாவது கண்டுபிடிக்கப் பார்த்தார். கிடைக்கவில்லை.